வண்டி வெட்டுதா? தேவகோட்டை ரஸ்தா பக்கத்துப் பேரில்லாத பட்டறை பற்றி

முதல்ல, யாரெல்லாம் இங்க போக வேண்டாம்னு சொல்லிடுறேன். சாவியைக் குடுத்துட்டுப் போய் சாயங்காலம் வண்டியை எடுத்துக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு இந்த இடம் சரிப்படாது. ஏசி ரூம், காபி, கம்ப்யூட்டர் பில், வாரன்ட்டி கார்டு எதுவும் கிடையாது. பட்டறைக்குப் பேரே கிடையாது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை ரஸ்தா போற ரோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, முன்னால ஒரு வேப்பமரம், மரத்தடியில சக்கரம் இல்லாம கல்லு மேல நிக்கிற ஒரு டாடா ஏஸ். அவ்வளவுதான் அடையாளம். அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் "ஒயரிங் அண்ணன் பட்டறைதானே"ன்னு கையைக் காட்டுவாங்க.

அதே சமயம், "வண்டி எப்பவாவது வெட்டுது, மெக்கானிக் ஓட்டிப் பார்த்தா மட்டும் நல்லா ஓடுது"ன்னு ஊர் ஊரா அலையுற ஆளா இருந்தா, வேற எங்கயும் போகாம நேரா இங்க போங்க. நான் அலைஞ்சவன்.

வண்டி 2016 அபார்த் புந்தோ. 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ பெட்ரோல், கம்பெனிக் கணக்குப்படி 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர், அஞ்சு கியர் மேனுவல். 2015 கடைசியில பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான விலையில வந்தப்போ அந்தக் காசுக்கு இந்தியாவுல இவ்வளவு வேகமான ஹேட்ச்பேக் வேற இல்ல. 2019-ல பியட் இங்க கார் விக்கிறதையே நிறுத்திட்டதால இப்போ ஒவ்வொரு சாமானுக்கும் தவம் கிடக்கணும். பானெட்ல, சக்கரத்துல, ஸ்டியரிங்ல எல்லாம் தேள் சின்னம். எங்க தெரு ஆச்சி ஒருத்தவங்க இன்னைக்கும் "அந்த நட்டுவாக்காலி வண்டி"ன்னுதான் சொல்லுவாங்க.

நான் ரெண்டாவது கையா வாங்கினது. வாங்கினதுக்கப்புறம் ரீமேப் (கூடுதல் சக்திக்காக எஞ்சின் கம்ப்யூட்டர் கணக்கை மாத்துறது), டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்து வர்ற புகைக்குழாய்), பெரிய இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர வைக்கிறது). பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தம், ஒரு பாரைக் கொஞ்சம் தாண்டும். டிக்கில ஒரு சப்வூஃபர், பின் சீட்டுக்கு அடியில ஒரு ஆம்ப்ளிஃபயர். இந்தக் கடைசி ரெண்டும் கதைக்கு முக்கியம், ஞாபகம் வச்சுக்கங்க.

கோளாறு என்னன்னா, மூணாவது நாலாவது கியர்ல 2,500 ஆர்பிஎம்முக்கு மேல ஆக்சிலரேட்டரை நல்லா அமுக்கினா, பின்னாடி இருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துவிட்ட மாதிரி ஒரு வெட்டு. சில சமயம் ஒரே வெட்டோட சரி. சில சமயம் தொடர்ந்து வெட்டி, பிக்கப் சுத்தமா செத்து, காலை எடுத்து மறுபடி அமுக்கினாதான் உயிர் வரும். காலையில வராது. மத்தியான வெயில்ல வரும். சில வாரம் வரவே வராது. என் மனைவி ஓட்டினா மருந்துக்கும் வராது. "நீங்க ஓட்டுற லட்சணம் அப்படி"ன்னு அவளுக்கு ஒரு பேச்சு கிடைச்சதுதான் மிச்சம்.

மதுரையில ஒரு பெரிய கேரேஜ். ஸ்கேனர் போட்டாங்க. கோளாறைச் சொல்ற கோடு நம்பர் எதுவும் பதிஞ்சிருக்கல. ப்ளக்கை மாத்தினாங்க, இடைவெளியைக் குறைச்சு வச்சாங்க. அது நியாயமான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினா தீப்பொறி தாவுறது கஷ்டம், ப்ளக் இடைவெளி அகலமா இருந்தா பொறி அணைஞ்சு வெட்டும். ரீமேப் பண்ணின டர்போ வண்டிக்கு யாரா இருந்தாலும் முதல்ல அங்கதான் கையை வைப்பாங்க. வெட்டு போகல. அடுத்து ப்ளக்குக்குக் கரண்டு குடுக்கிற காயில் நாலும் மாத்தினாங்க. போகல. புகை விட்டு குழாய்ல லீக் பார்த்தாங்க, இல்ல. கடைசியா டேங்க்ல இருக்கிற பெட்ரோல் பம்ப்பையே மாத்தினாங்க. அதுக்கப்புறம் வெட்டு நின்னுச்சு. சந்தோஷமா ஊர் திரும்பினேன். மாசம் திரும்புறதுக்குள்ள அதுவும் திரும்பி வந்துடுச்சு. எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல போயிருந்துச்சு.

திரும்பக் கூப்பிட்டப்போ "ஈ20 பெட்ரோல் சார், எல்லா வண்டியும் இப்படித்தான்"ன்னாங்க. எதுக்கெடுத்தாலும் இப்போ ஈ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) மேல பழியைப் போடுறது வழக்கமாயிடுச்சு. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

ஒயரிங் அண்ணனைப் பத்திச் சொன்னது கோட்டையூர்ல லாரி வச்சிருக்கிற என் சித்தப்பா. "அவன் கார் மெக்கானிக் இல்லப்பா, எலக்ட்ரீசியன். ஆனா என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்காம எதையும் கழட்ட மாட்டான்." போனப்போ அண்ணன் ஒரு பஸ்ஸோட டைனமோவைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தார். அவர் வேலை பார்க்கிற மேசை ஒரு பழைய வீட்டு நிலைக்கதவு. முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடையில கீறல் விழுந்ததுன்னு சல்லிசா வாங்கினதாம். தேக்குல செதுக்கின கஜலட்சுமி மேல கிரீஸ் டப்பா உக்காந்திருக்கு. பார்த்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது. அது என் பிரச்சினை.

அவர் வண்டியைப் பார்க்கவே இல்ல. என்னைத்தான் பார்த்தார். "உக்காருங்க தம்பி. எப்ப வெட்டுதுன்னு சொல்லுங்க. ஏன் வெட்டுதுன்னு நீங்க நினைக்கிறதைச் சொல்ல வேண்டாம்."

கேள்வி மேல கேள்வி. எஞ்சின் சூடாகி எவ்வளவு நேரம் கழிச்சு? ஏறிக்கிட்டே இருக்கும்போதா, ஒரே வேகத்துல போகும்போதா? வெட்டும்போது ஆர்பிஎம் முள் துள்ளுதா, இல்ல முள் ஒழுங்கா இருந்து இழுவை மட்டும் போகுதா? டேங்க்ல பெட்ரோல் எவ்வளவு இருந்துச்சு? பள்ளத்துல இறங்கும்போது வருதா? மழையில? முள்ளைப் பத்தி எதுக்குக் கேட்டார்னு நானும் கேட்டேன். எஞ்சின் சுத்துற வேகத்தைப் பார்க்கிற கிராங்க் சென்சாரோட ஒயர் விட்டு விட்டுத் தொட்டா முள்ளே பட்டுனு விழுந்து எழும்புமாம். என் வண்டியில முள் விழல. அப்போ எஞ்சின் சுத்துறது இசியுங்கிற எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தெரியுது, தீனி, அதாவது பெட்ரோல்தான் பத்தல. இல்லேன்னா பொறி பத்தல. ப்ளக், காயில் ரெண்டும் புதுசுங்கிறதால அவர் சந்தேகம் தீனி பக்கமே போச்சு.

கடைசியா ஒரு கேள்வி. "அந்த நேரத்துல வண்டியில என்னென்ன கரண்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு? ஏசி, லைட்டு, போன் சார்ஜர், பாட்டு?"

இந்தக் கேள்வியை அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஏசி எப்பவும் ஓடும்னேன். பாட்டு? எப்பவும் ஓடும்னேன். "சத்தமாவா?" கொஞ்சம் சத்தமாத்தான். "வீட்ல ஓட்டும்போது?" அவ பாட்டே போட மாட்டா. அவர் ஒண்ணும் சொல்லல. பீடியை அணைச்சுட்டு எழுந்துட்டார்.

ஸ்கேனர் அவர்கிட்டயும் இருக்கு, பழசு, திரை ஓரத்துல விரிசல். ஆனா கோடு வருதான்னு பார்த்துட்டு மூடி வைக்கிற ஆள் இல்ல. நிரந்தரமா பதிஞ்ச கோடு இல்லேன்னாலும் நிலுவையில நிக்கிற கோடு ஒண்ணு இருந்துச்சு: பி0171, அதாவது கலவையில பெட்ரோல் பத்தல. அதுக்கப்புறம் அவர் பார்த்தது எரிபொருள் திருத்தக் கணக்கு. புகைக்குழாய்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் பத்தலன்னு சொன்னா இசியு கூட ஊத்தும், ஜாஸ்தின்னா குறைக்கும். அந்தக் கூட்டல் கழித்தல் சதவீதமா ஸ்கேனர்ல தெரியும். என் வண்டியில ஐடில்ல (வண்டி நின்னபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) வெறும் 2, 3 தான். லோடு ஏறினா கூட்டல் 15 வரைக்கும் போகுது. "குழாய்ல ஓட்டை இருந்து திருட்டுக் காத்து உள்ள போனா ஐடில்லதான் இந்தக் கணக்கு எகிறும், வேகம் ஏற ஏற இறங்கும். இங்க தலைகீழா இருக்கு. எஞ்சின் கேக்குற அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரல."

(நான் 700 ரூபாய்க்கு வாங்கி வச்சிருந்த, எஞ்சின் அளவுகளை போன்ல காட்டுற நீலக் கலர் ப்ளூடூத் டாங்கிள் பத்தியும் ஒரு வார்த்தை. இஎல்எம்327 நகல். கூலன்ட் சூடு பார்க்க, செக் எஞ்சின் லைட் எரிஞ்சா கோடு படிக்க நல்லது. அரை நொடி வெட்டைப் பிடிக்க லாயக்கில்ல. நாலு அளவை ஒண்ணா கேட்டா ஒவ்வொண்ணும் மெதுவாத்தான் புதுப்பிச்சு வரும், வெட்டு அந்த இடைவெளியில வந்துட்டுப் போயிடும். இதுக்குன்னு வாங்காதீங்க.)

பெட்ரோல் குழாய்ல ஒரு டி ஜாயின்ட் போட்டு அழுத்தமானியை மாட்டினார். நீளமான ரப்பர் குழாயை பானெட் இடுக்கு வழியா வெளியில எடுத்து, மானியை முன் கண்ணாடிக்கு வெளியே வைப்பர் பக்கத்துல டேப் போட்டு ஒட்டினார், உள்ள இருந்து முள் தெரியுற மாதிரி. பெட்ரோல் குழாயை வண்டிக்குள்ள கொண்டு வரவே கூடாதுன்னு சொன்னார். கால் நடுவுல ஒரு சின்ன தீயணைப்பு சிலிண்டர். இதை வீட்ல முயற்சி பண்ணிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

ராமேஸ்வரம் ரோட்ல கிளம்பினோம். நான் ஓட்ட, அவர் பக்கத்துல. மத்தியானம் ரெண்டு மணி வெயில். மூணாவது கியர், முழுசா அமுக்கினேன். முள் மூணரை பார்ல இருந்து கொஞ்சம் இறங்கி நின்னுச்சு. வெட்டல. மறுபடியும். வெட்டல. நாலாவது கியர். ம்ஹூம். மதுரையில நடந்தது அப்படியே நடக்குதேன்னு எனக்குக் கடுப்பு.

"பாட்டைப் போடுங்க."

போட்டேன்.

"நீங்க தனியா போகும்போது எவ்வளவு வைப்பீங்களோ அவ்வளவு வைங்க."

வச்சேன். சப்வூஃபர் சீட்டை அதிர வச்சுது. மூணாவது கியர்ல அமுக்கினேன். மானி முள் நடுங்கிக்கிட்டே இறங்கி ரெண்டரைக்குக் கீழ போச்சு. டங்குனு ஒரு வெட்டு. அவர் கையை நீட்டி பாட்டை அணைச்சார். முள் மேல ஏறிடுச்சு, வண்டி பிச்சுக்கிட்டுப் போச்சு. மறுபடி போட்டார், மறுபடி வெட்டுச்சு. அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

அந்த நிமிஷத்துலதான் மதுரையில கோளாறு ஏன் பிடிபடலன்னு புரிஞ்சுது. எந்த மெக்கானிக்கும் வண்டியில உக்காந்ததும் எஞ்சின் சத்தம் கேக்கணும்னு முதல் வேலையா பாட்டைத்தான் நிப்பாட்டுவாங்க. கோளாறையும் சேர்த்து நிப்பாட்டிட்டுத்தான் கோளாறைத் தேடியிருக்காங்க.

பட்டறைக்குத் திரும்பி பின் சீட்டைத் தூக்கினார். டேங்க் மூடி அங்கதான். மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல இருந்து இழுத்த நீள ஒயர்ல மாட்டி, இன்னொரு முனையை பம்ப்போட எர்த் பின்ல (கரண்டு பேட்டரிக்குத் திரும்பிப் போற பக்கம்) குத்தினார். எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கு, பாட்டு இல்ல. 0.6 வோல்ட். எர்த்துன்னா அங்க பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கணும், 0.2-க்கு மேல போனாலே சந்தேகப்படணும்கிறது அவர் கணக்கு. பாட்டைப் போட்டார், மீட்டரை அதிகபட்ச அளவைப் பிடிச்சு வைக்கிற நிலைக்கு மாத்தினார். 2.4 வோல்ட்.

கதவுப் பலகையில சாக்பீஸால எழுதியே காட்டினார். பம்ப் ஒரு 6 ஆம்ப் இழுக்கும். சப்வூஃபர் அதிரும்போது ஆம்ப்ளிஃபயர் ஒரு 18 ஆம்ப் இழுக்கும். ரெண்டும் திரும்பிப் போற வழி ஒரே போல்ட். அந்த போல்ட்ல 0.1 ஓம் தடை இருந்தா, பம்ப் மட்டும் ஓடினா 0.6 வோல்ட் நஷ்டம், ரெண்டும் ஓடினா 24 ஆம்ப், 2.4 வோல்ட் நஷ்டம். மீட்டர் சொன்னதும் அதேதான். அத்தனை வோல்ட் குறைஞ்சா பம்ப் சுத்துற வேகம் குறையும், பெட்ரோல் வரத்து குறையும்.

சாதா வண்டின்னா இதைத் தாங்கியிருக்கும். இந்த வண்டியில பெட்ரோல் திரும்பி டேங்குக்குப் போற குழாய் கிடையாது. பூஸ்ட் எவ்வளவு ஏறினாலும் இன்ஜெக்டர் குழாய்ல அழுத்தம் அதே மூணரைதான். ஆனா இன்ஜெக்டருக்கு அந்தப் பக்கம் பூஸ்ட் எதிர்த்துத் தள்ளுது. ஒரு பார் பூஸ்ட்னா மிச்சம் ரெண்டரைதான் வேலைக்கு ஆகும். மூணரையே ரெண்டரையா இறங்கிட்டா மிச்சம் ஒண்ணரை. ரீமேப்ல கூடுதலா பெட்ரோல் கேக்குது. அதுக்கு மேல ஈ20. சுத்தமான பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காத்துன்னா, ஈ20-க்கு சுமார் 13.5 தான். அதாவது அதே காத்துக்கு இன்னும் கூடுதலா ஊத்தணும். ஈ20 வண்டியைக் கெடுக்கல, பம்ப்புக்கு மிச்சம் இருந்த மூச்சை வாங்கிடுச்சு, அவ்வளவுதான். வெயில், அமுக்கு, பாட்டு மூணும் ஒண்ணா சேர்ந்தாத்தான் வெட்டு வரும். அதனாலதான் அது அவ்வளவு கள்ளத்தனமா இருந்திருக்கு.

அந்த போல்ட்டைக் கழட்டினார். ஆம்ப்ளிஃபயர் மாட்டினவங்க தனியா எர்த் எடுக்கச் சோம்பல்பட்டு, கம்பெனி போட்ட பம்ப் எர்த் போல்ட்லயே தங்களோட ஒயரையும் சொருகி முடுக்கியிருக்காங்க. வளையத்துக்கு அடியில பெயின்ட் அப்படியே இருக்கு. வளையம் ஒரு பக்கம் பச்சை பூத்து, இன்னொரு பக்கம் வெள்ளைப் பொடி. காப்பருக்குப் பச்சை சரி, வெள்ளை எப்படின்னு கேட்டேன்.

பிளேடை எடுத்தார். விரல் தண்டி ஆம்ப் ஒயரோட நுனியில ஒரே ஒரு இழையைப் பிரிச்சு, கதவு மேல வச்சு, பென்சில் சீவுற கணக்குல லேசா ஒரு சுரண்டு. செம்பு நிறம் செதில் செதிலா போச்சு. உள்ள வெள்ளி நிறம். "அலுமினியம். மேல காப்பர் பூச்சு. கனமா இருக்கேன்னு ஜனம் ஏமாறும், கனமெல்லாம் ரப்பர்." இழையை ரெண்டு தடவை மடக்கினார், ஒடிஞ்சு விழுந்துச்சு. நல்ல காப்பர் இழையைக் குடுத்து மடக்கச் சொன்னார், எத்தனை தடவை மடக்கினாலும் ஒடியல. இந்தப் பூச்சு ஒயருக்குக் காப்பரை விட மூணுல ஒரு பங்குக்கு மேல கடத்துத்திறன் குறைவு. அதை விட மோசம், அலுமினியமும் காப்பரும் இரும்பும் ஒரே இடத்துல ஈரத்தோட தொட்டுக்கிட்டா அலுமினியம் தன்னைத் தின்னக் குடுக்கும். அப்படி வர்ற வெள்ளைப் பொடிதான் கரண்டை மறிக்கிறது.

"ஈரம் எங்கிருந்து தம்பி வந்துச்சு, அதுவும் சீட்டுக்கு அடியில?" தொண்டிக் கடல்ல பிள்ளைங்க குளிச்சிட்டு அப்படியே ஈர டவுசரோட பின் சீட்ல உக்காந்து வருவாங்கன்னு சொன்னேன். நாக்கால ஒரு 'ச்சு' கொட்டினார். உப்புத் தண்ணி. வேற சாட்சி வேணாம்.

காரைக்குடிக்காரனா இதுல எனக்கு ஒரு தனி வெட்கம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948-ல நேரு அடிக்கல் வச்சு, 1953-ல திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம ஊர்ல இருக்கு. உலோகம் எப்படி அரிக்கும்னு ஆராயுறதே அங்க ஒரு பெரிய துறை. மண்டபத்துல கடலோரமா உலோகத் துண்டுகளை உப்புக் காத்துல வச்சு அரிப்பை அளக்க தனி நிலையமே வச்சிருக்காங்க. அதே சோதனை என் பின் சீட்டுக்கு அடியிலயும் நடந்துக்கிட்டு இருந்திருக்கு, என் செலவுல.

பம்ப் மாத்தினப்போ ஏன் கொஞ்ச நாள் சரியாச்சுங்கிறதுக்கும் விடை கிடைச்சுது. பம்ப்பை வெளியில எடுக்க அந்த போல்ட்டைக் கழட்டி மாட்டியிருக்காங்க. அந்த உரசல்ல பொடி உதிர்ந்து கொஞ்ச நாளைக்குத் தொடர்பு நல்லா இருந்திருக்கு. புது பம்ப்னாலதான்னு அவங்களும் நம்பிட்டாங்க, நானும் நம்பிட்டேன். மதுரையில எர்த்தைப் பார்க்காமலும் இல்ல. மீட்டரை பீப் சத்தத்துல வச்சுப் பார்த்து "கன்டின்யூட்டி இருக்கு"ன்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. ஒயர் பாதி அறுந்திருந்தாலும் மீட்டர் பீப்னு கத்தும். கரண்டு ஓடும்போது எவ்வளவு வோல்ட் தொலையுதுன்னு அளந்தாத்தான் உண்மை வெளிய வரும். ஒயரிங் அண்ணன்கிட்ட நான் காசு குடுத்தது இந்த ஒரு அளவுக்குத்தான்னு வச்சுக்கலாம்.

டிக்கியில கிடந்த பழைய பம்ப்பை எடுத்து பேட்டரியில ஒரு நொடி தொட்டுப் பார்த்தார். உயிரோட இருந்துச்சு. "தூக்கிப் போட்டுராதீங்க. பியட் சாமான், நாளைக்கு வேணும்." துணியில சுத்திக் குடுத்தார்.

வேலை சுருக்கமா முடிஞ்சுது. பம்ப் எர்த்துக்கு அதே போல்ட், பெயின்ட்டைச் சுரண்டி, பல்லு வச்ச வாஷர் போட்டு முடுக்கி, மேல வேசலின் பூசினார். ஆம்ப்ளிஃபயருக்கு முழு காப்பர் ஒயர் தனியா வாங்கி வரச் சொல்லி, அதை நேரா பேட்டரி நெகட்டிவுக்கே இழுத்தார். மறுபடி அளந்தார். பாட்டு முழுச் சத்தத்துல ஓடும்போது 0.1 வோல்ட்டைத் தொடல. கூலி 1,800 ரூபாய், ஒயர் விலை தனி. அதுல பாதிக்கு மேல கோளாறைக் கண்டுபிடிச்சதுக்குன்னு சொல்லியே வாங்கினார். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. கண்டுபிடிக்கக் காசு இல்ல, சாமான் மாத்தினாத்தான் காசுன்னு இருந்தா எந்த மெக்கானிக்கும் சாமானைத்தான் மாத்துவார்.

இனி குறைகள். போன் எடுக்க மாட்டார், எடுத்தாலும் "வாங்க பார்ப்போம்"தான். பத்தரை மணிக்கு முன்னாடி கொட்டகை திறக்காது. பஸ் வேலை வந்துட்டா உங்க வண்டி ஓரமா நிக்க வேண்டியதுதான், பஸ்காரங்கதான் அவருக்குத் தினச் சோறு. நீங்க கூடவே இருக்கணும், கேள்விக்குப் பதில் சொல்ல. உக்கார ஒரு சிமென்ட் திண்டு, அதுலயும் பாதியில ஆட்டுக்குட்டி படுத்திருக்கும். கழிப்பறை கிடையாது, பெண்களைக் கூட்டிட்டுப் போறவங்க யோசிச்சுப் போங்க. என் வண்டியில பின் சீட்டு கிளிப் ஒண்ணை உடைச்சுட்டார், "அது ஒண்ணும் பண்ணாது"ங்கிறார். கதவு ஓரத் துணியில அவரோட கட்டைவிரல் கிரீஸ் ரேகை இன்னும் போகல. பில் கேட்டா சிகரெட் அட்டையில எழுதித் தருவார். ஜிபே உண்டு, மகன் நம்பருக்கு.

எல்லா வேலைக்கும் இவர்னு நினைச்சும் போகாதீங்க. ரீமேப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது, தெரியாதுன்னு அவரே சொல்லிடுறார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வண்டி வெட்டுதுன்னு வந்தா கரண்டு பக்கம் மட்டும் பார்த்துட்டு, கியர்பாக்ஸ்னா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுவார். நான் இருந்தப்பவே ஒரு போலோக்காரரை அப்படித்தான் அனுப்பினார், காசு வாங்காம.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். வண்டியில வெளியில மாட்டின ஒவ்வொண்ணையும், கேமரா, லைட், ஹாரன், ஆம்ப்ளிஃபயர் எதுவா இருந்தாலும், யார் எப்போ மாட்டினாங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க, அவர் தேடுற நேரம் பாதியாகும். அப்புறம், வெட்டு வர்ற நேரத்துலயே போங்க. வெயில்ல வெட்டுற வண்டியைக் காலையில குளிரக் குளிரக் கொண்டு போய் நிறுத்தினா "மத்தியானம் வாங்க"ன்னு திருப்பி அனுப்புவார்.

இப்போ வண்டி பாட்டோடயே பிச்சுக்கிட்டுப் போகுது. ஆனா பெட்ரோல் சரியா வர ஆரம்பிச்சதும் வேற ஒண்ணு தெரிய வந்திருக்கு. நாலாவது கியர்ல முழுசா அமுக்கினா ஆர்பிஎம் ஏறுது, வேகம் அதுக்கேத்த அளவுக்கு ஏறல. கிளட்ச் நழுவுது. இத்தனை நாளா வெட்டு அதை மறைச்சு வச்சிருந்திருக்கு. அண்ணன்கிட்ட கேட்டேன், "அது என் வேலை இல்ல தம்பி"ன்னுட்டார். டி-ஜெட்டுக்குக் கிளட்ச் மாத்தி அனுபவம் உள்ள ஆள் காரைக்குடி, புதுக்கோட்டை பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க. மதுரை வேண்டாம்.